பங்க், மெட்டல் வாசிக்க கிட்டார் ஆம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி: மதுரையில் முதல் ஆம்ப் வாங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆம்ப் வாங்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட் எடுக்கலாம்?" என்பதுதான். அடுத்தது, "இதில் டிஸ்டார்ஷன் (சத்தத்தின் கரகரப்பு) எவ்வளவு வரும்?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வாட்டில் ஆரம்பித்தால், வீட்டில் வால்யூம் ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாத ஆம்ப் வந்து சேரும். இல்லாவிட்டால் டிரம்ஸ் பக்கத்தில் வைத்தவுடன் காணாமல் போகும் ஆம்ப் வந்து சேரும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நீங்கள் பார்க்க வேண்டிய ஆம்ப்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கும். கடைக்குப் போவது ஏழாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் சொந்த கிட்டார், நல்ல நிலையில் உள்ள ஒரு கேபிள், ட்யூனர், இயர்போன், நீங்கள் எட்ட நினைக்கும் சத்தம் உள்ள மூன்று பாட்டுகள். ஒரு மல்டிமீட்டர், அல்லது அதை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர். வீட்டில் எவ்வளவு சத்தம் வரை பொறுத்துக்கொள்வார்கள் என்ற பதிலையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

1. எந்தச் சத்தம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பங்கும் மெட்டலும் மேலோட்டமாகக் கேட்டால் இரண்டுமே கரகரப்புதான். ஆனால் இரண்டுக்கும் ஆம்பில் தேவைப்படுவது வேறு.

பங்க் சத்தத்துக்கு முதுகெலும்பு மிட், அதாவது அடிச் சத்தமான பேஸுக்கும் கூர்மையான ட்ரெபிளுக்கும் நடுவில் உள்ள பகுதி. ராமோன்ஸ் குழுவின் ஜானி ராமோன் மோஸ்ரைட் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் சொருகி, எல்லா ஸ்ட்ரோக்கையும் கீழ்நோக்கியே அடித்தார். அந்தப் பாட்டுகளை இயர்போனில் கவனித்துக் கேளுங்கள். கெயின் (கரகரப்பைக் கூட்டும் அளவு) நீங்கள் நினைத்ததை விடக் குறைவாக இருக்கும். கார்டு அடித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். சத்தத்தின் முரட்டுத்தனத்தில் பாதி வலது கையில் இருந்து வருகிறது.

மெட்டலில், அதிலும் த்ராஷ் வகையில், முக்கியமானது சத்தம் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பது. பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அழுத்தி அடிப்பது) செய்து வேகமாக வாசிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மௌனம் இருக்க வேண்டும். ஆம்பின் அடிப்பகுதி தொளதொளவென்று இருந்தால் அந்த மௌனத்தை பேஸ் நிரப்பிவிடும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கூழாகிவிடும். டூம் மெட்டல் அதற்கு நேர் எதிர். பிளாக் சப்பத்தின் டோனி ஐயோமி லேனி ஆம்ப்களில் எடுத்த சத்தம் போல மெதுவாக, கனமாக, நீண்டு நிற்க வேண்டும். ஸ்வீடன் டெத் மெட்டல் கரகரப்பு வேண்டும் என்றால், அது ஆம்பை விட பாஸ் எச்எம்-2 என்ற பெடலின் (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் இயக்கும் கருவி) வேலை. எல்லா நாபையும் (திருகும் குமிழ்) முழுசாகத் திருப்பி வைத்து எடுத்த சத்தம் அது.

இந்தப் படியில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ரெக்கார்டிங்கில் கேட்கும் மெட்டல் ரிதம் கிட்டார் பெரும்பாலும் ஒரு கிட்டார் இல்லை. ஒரே ரிஃபை இரண்டு முறையோ நான்கு முறையோ வாசித்து, இடது பக்கமும் வலது பக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள். அடியில் பேஸ் கிட்டாரும் அதே ரிஃபை வாசித்துக்கொண்டிருக்கும். அந்தக் கனத்தை ஒரே ஆம்பில் எடுக்கப் பார்த்து கெயினையும் பேஸையும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் என்ன வாசிக்கிறோம் என்று வாசிக்கிறவருக்கே தெரியாது. இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேளுங்கள். ஒற்றைக் கிட்டார் உண்மையில் எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று புரியும். நீங்கள் தேட வேண்டியது அந்தச் சத்தம்.

2. எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

மாசி வீதிகளின் உள்சந்துகளில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு என்றால் நிலைமை ஒன்று. கே.கே. நகரிலோ விளாங்குடியிலோ மொட்டை மாடி அறை என்றால் வேறு. டிரம்ஸ் வைத்து பேண்டாக வாசிப்பது மூன்றாவது வகை. மூன்றுக்கும் ஒரே ஆம்ப் போதுமா என்றால், சில ஆம்ப்கள் போதும். அவை எவை என்று ஐந்தாவது படியில் வருகிறது.

வாட் கணக்கை இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக அதிகப் பணம் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். படுக்கையறைக்கு 5 வாட்டே அதிகம். டிரம்ஸோடு வாசிக்க ட்யூப் ஆம்ப் (பழைய வால்வு ரேடியோ போல வால்வில் இயங்குவது) என்றால் 15 முதல் 30 வாட், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் 50 வாட்டுக்குக் குறையாமல். டிரான்சிஸ்டருக்கு அதிகம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ட்யூப் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போதும் கேட்க நன்றாகவே இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தாண்டினால் காது கூசும். அதனால் அந்த எல்லைக்குள்ளேயே வாசிக்க இடம் விட வேண்டும்.

மேடையைப் பற்றிக் கவலைப்பட்டு பெரிய ஆம்ப் வாங்க வேண்டாம். கல்லூரி விழாவோ மண்டபமோ, அங்கே சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆம்ப் முன்னால் மைக் வைத்து பெரிய ஸ்பீக்கரில் அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும்.

நேரமும் முக்கியம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவுக் கணக்கு. டிரம்ஸ் ஒன்று மட்டுமே பக்கத்தில் நின்று கேட்டால் 100 டெசிபெலைத் தாண்டும். ஆகவே வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு இரவில்தான் வாசிக்க முடியும் என்பவர்களுக்கு ஹெட்போன் அவுட் கட்டாயம். உங்கள் தாளில் அதை இப்போதே குறித்துவிடுங்கள்.

3. கிட்டாரைச் சரிசெய்யுங்கள்

இது சின்னப் படி, ஆனால் ஆம்புக்கு முன்னால் வர வேண்டும். துருப்பிடித்த கம்பி, ட்யூன் நிற்காத கிட்டார், அல்லது ஒற்றைக் காயில் பிக்கப் (ஒரே கம்பிச் சுருள் உள்ள, கிட்டாரின் ஒலியைப் பிடிக்கும் பாகம்) இருந்தால் எந்த ஆம்பையும் தவறாக எடை போடுவீர்கள்.

கெயின் கூட்டினால் ஒற்றைக் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம்மையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும். மெட்டலுக்கு பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (ஹம்மை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்) இருப்பது நல்லது. பங்குக்கு ஒற்றைக் காயிலும் வேலை செய்யும், ஹம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ட்யூனிங்கை சி அளவுக்கு இறக்கி வாசிப்பவர்கள் தடிமனான கம்பி போடுங்கள். 10-46 செட் (எண்கள் கம்பியின் தடிமனைக் குறிப்பவை) அந்த ட்யூனிங்கில் தளர்ந்து ஆடும், ஆம்பில் அது தொளதொளப்பாகக் கேட்கும். நல்ல ஆம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

4. ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதில். நாப்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்க, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் வேறு ஆம்ப் போலவே கேட்கும்.

முதலில் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒன்று. வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கும், அல்லது சித்தப்பாவிடம் மைக் செட் இருக்கும். ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கி நேராக அதில் சொருகிவிடுவார்கள். ஆயிரம் ஈக்கள் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தது போல ஒரு இரைச்சல் வரும். உடனே பெடல் சரியில்லை என்று வேறு பெடல் வாங்குவார்கள். அதிலும் அதே இரைச்சல். இதற்குக் காரணம் பெடல் இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும்படி செய்யப்பட்டது. டிஸ்டார்ஷனில் உருவாகும் கூர்மையான மேல் அதிர்வுகளை அது வெளியே விடாது. மைக் செட் ஸ்பீக்கரில் ட்வீட்டரோ ஹார்னோ இருக்கும். பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதற்காக இருக்கும் அந்த ட்வீட்டர், டிஸ்டார்ஷனின் முள்ளையெல்லாம் அப்படியே காதுக்குக் கொண்டு வந்துவிடும்.

மைக் செட்டில்தான் வாசித்தாக வேண்டும் என்றால் நடுவில் கேபினட் சிமுலேஷன் உள்ள பெடலோ மல்டி எஃபெக்ட்ஸோ இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் அந்த மங்கலை அது செயற்கையாகச் செய்து கொடுக்கும். கிறிஸ்தவ ஆலயத்தில் வாரா வாரம் மிக்ஸரில் நேராகச் சொருகி வாசிப்பவர்களுக்கு ஆம்பை விட இதுதான் முதலில் தேவை.

அளவு: 8 இஞ்ச் ஸ்பீக்கர் அறைப் பயிற்சிக்குப் போதும், பாம் மியூட்டுக்குப் போதாது. கிட்டாரின் அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ட்ராப் டி-யில் (அடிக் கம்பியை மட்டும் டி-க்கு இறக்கும் ட்யூனிங்) 73, பி-க்கு இறக்கினால் 62. சின்ன ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும் அந்த இடத்தில் காற்றைத் தள்ள முடியாமல் "பட் பட்" என்று மட்டும் சொல்லும். பங்குக்கு 10 இஞ்ச் தாராளம். மெட்டலுக்கு 12 இஞ்ச் வாங்குங்கள்.

பெட்டியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பின்னால் திறந்திருந்தால் சத்தம் அறை முழுக்கப் பரவும், அடிப்பகுதி தளர்வாக இருக்கும்; பங்குக்கு இது அழகு. பின்னால் மூடியிருந்தால் அடிப்பகுதி இறுக்கமாக, முன்பக்கமாக வரும். த்ராஷும் டெத்தும் இதைத்தான் கேட்கின்றன.

கடைசியாக ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண். 97 டெசிபெல் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கரை விட 100 டெசிபெல் ஸ்பீக்கர் அதே வாட்டில் 3 டெசிபெல் சத்தமாகக் கேட்கும். அதாவது ஆம்ப் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

5. ட்யூபா, டிரான்சிஸ்டரா, மாடலிங்கா

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரையில் இருந்துகொண்டு முதல் ஆம்ப் வாங்குபவர்கள், 12 இஞ்ச் ஸ்பீக்கரும் வாட்டைக் குறைக்கும் வசதியும் உள்ள மாடலிங் ஆம்ப் வாங்குவது நல்லது.

ட்யூப் ஆம்பின் சத்தம் எனக்கும் பிடிக்கும். மார்ஷல் ஜேசிஎம்800 போன்ற ஆம்ப்களில் உள்ள ஈஎல்34 ட்யூபின் மிட் சீற்றமும், பீவி 5150, மேசா ரெக்டிஃபையர் ஆகியவற்றில் வழக்கமாக இருக்கும் 6எல்6 ட்யூபின் அகலமான அடிப்பகுதியும் இந்த இரண்டு இசைக்கும் இலக்கணம் எழுதியவை. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு பகுதி பவர் ட்யூபும் ஸ்பீக்கரும் சத்தமாக உழைக்கும்போது வருவது. 100 வாட் ட்யூப் ஆம்பை வீட்டில் அரைக் கோடு திருப்பி வாசித்தால் நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி சத்தம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ட்யூப் தேயும் பொருள், மாற்ற வேண்டி வரும். பல ஆம்ப்களில் பவர் ட்யூபை மாற்றும்போது பயாஸ் (ட்யூபில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிபார்க்க வேண்டும். உள்ளே பல நூறு வோல்ட் ஓடுகிறது, ஆம்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். பழைய வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். இல்லாவிட்டால் ரிப்பேருக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டி வரும்.

டிரான்சிஸ்டர் ஆம்பை மட்டமாக நினைக்க வேண்டாம். பன்டேராவின் டைம்பேக் டேரல் வாசித்தது ராண்டல் ஆர்ஜி100 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பில்தான். ட்யூபின் மென்மை அதில் இல்லாததால் பாம் மியூட் கத்தி வெட்டியது போல நிற்கும். பங்க் வாசிப்பவர்களுக்கு ஆரஞ்ச் கிரஷ் வரிசையைச் சொல்வேன். கிரஷ் 35ஆர்டி-யில் 10 இஞ்ச் ஸ்பீக்கர், எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடல் சேர்க்கும் இணைப்பு), ட்யூனர் எல்லாம் இருக்கின்றன. மிட் தூக்கலாக வரும், கெயினைப் பாதிக்குக் கீழே வைத்தாலே கார்டு கடிக்கும்.

மாடலிங் ஆம்ப் பல ஆம்ப்களின் நடத்தையை டிஜிட்டலாகச் செய்து காட்டும். பாஸ் கட்டானா 50-இல் 12 இஞ்ச் ஸ்பீக்கர், அரை வாட் வரை இறக்கும் பவர் கன்ட்ரோல், ஹெட்போன் அவுட் உண்டு. அதில் உள்ள சத்த வகைகளில் கிரஞ்ச் பங்குக்கு, பிரவுன் மெட்டலுக்கு என்று இரண்டு நிலையிலேயே வேலை முடிந்துவிடும். எடை சுமார் 12 கிலோ, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது படியில் சொன்ன மூன்று இடங்களுக்கும் போதுமான ஆம்ப் இந்த வகைதான்.

இதில் உள்ள ஆபத்து வேறு மாதிரி. ஐம்பது சத்தமும் நூறு எஃபெக்ட்டும் இருந்தால் வாசிக்கிற நேரம் நாப் திருப்புவதில் போய்விடும். வாங்கிய முதல் மாதம் இரண்டே சத்தம் சேமித்து, அவற்றோடு மட்டும் வாசியுங்கள்.

6. பேனலில் என்னென்ன இருக்க வேண்டும்

மிட் தனி நாபாக இருக்க வேண்டும். "டோன்" என்று ஒரே நாப் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு இசைக்கும் நடுவில் உள்ள வித்தியாசமே மிட்டில்தான் இருக்கிறது. கெயினும் மாஸ்டர் வால்யூமும் தனித்தனியாக வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த சத்தத்தில் டிஸ்டார்ஷன் கிடைக்காது.

இரண்டு சேனலும் ஃபுட்ஸ்விட்ச் சாக்கெட்டும் இருந்தால் பாட்டுக்கு நடுவில் க்ளீனுக்கு (கரகரப்பில்லாத சத்தத்துக்கு) மாறலாம். ஃபுட்ஸ்விட்ச் பெட்டியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். பல ஆம்ப்களுக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனோடு டிலே போடுபவர்களுக்கு எஃபெக்ட்ஸ் லூப் வேண்டும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் டிலே வைத்தால் எதிரொலியும் கரகரத்துக் குழம்பிவிடும்.

7. கடையில் சோதிப்பது

மதுரைக் கடைகளில் உங்களுக்குப் பிடித்த மாடல் எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் டவுன் ஹால் ரோடு பக்கம் போகும்போது கடையில் இருப்பதை வாசித்துப் பாருங்கள். 8 இஞ்சுக்கும் 12 இஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை காதால் கேட்டவர்கள் ஆன்லைனில் வாங்கும்போதும் ஏமாற மாட்டார்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போங்கள். "அண்ணே, ரெண்டு நிமிஷம் சத்தமா வாசிச்சுப் பாத்துக்கிறேன்" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சத்தமாக வாசிக்காமல் ஆம்ப் சோதித்ததாகக் கணக்கில் வராது.

கடை கிட்டாரை எடுக்காதீர்கள், சொந்தக் கிட்டாரைக் கொண்டு போங்கள். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அது ஆம்பாக இருக்க வேண்டும்.

முதலில் ரிவர்ப் (பெரிய அறையில் கேட்பது போன்ற முழக்கம்), டிலே எல்லாவற்றையும் அணையுங்கள். ரிவர்ப் எந்த ஆம்பையும் பெரிதாகக் காட்டும், குறைகளை மூடிவிடும். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். கெயினைப் பூஜ்ஜியத்தில் இருந்து ஏற்றுங்கள். முழுசாக ஏற்றிவிட்டுக் குறைப்பவர்கள், அதிக கெயினுக்குக் காது பழகிவிடுவதால் தேவைக்கு மேலேயே நிறுத்திவிடுவார்கள்.

பங்குக்கு: முழு ஈ மேஜர் கார்டு அடித்து ஒலிக்க விடுங்கள். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும் கடைசி இடம் எது என்று பார்த்து, கெயினை அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்திலேயே போதுமான முரட்டுத்தனம் இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் ஆம்ப். அப்புறம் கிட்டார் வால்யூமைப் பாதிக்குக் குறையுங்கள். சத்தம் சுத்தமாக மாறினால் ஆம்ப் உங்கள் கைக்கு மதிப்புக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

மெட்டலுக்கு: அடிக் கம்பியைப் பாம் மியூட் செய்து வேகமாக எட்டு அடி அடித்து, சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு பெட்டி அதிர்ந்துகொண்டே இருக்கிறதா என்று கேளுங்கள். வால்யூமைக் கூட்டி அதையே மறுபடியும் செய்யுங்கள். சத்தமாகும்போது சில ஆம்ப்களில் அடிப்பகுதி கலங்கிவிடும், மரப்பெட்டி கடகடக்கும். வால்யூம் குறைவாக இருக்கும்போது இது தெரியவே தெரியாது.

இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாக இருக்கும் ஆம்ப் காதுக்கு எப்போதும் நல்ல ஆம்பாகத் தெரியும்.

காது ஸ்பீக்கர் உயரத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு, தரையில் உள்ள ஆம்பை வாசித்தால் ட்ரெபிள் முழங்காலைத் தாண்டிப் போய்விடும். மந்தமாக இருக்கிறது என்று ட்ரெபிளைக் கூட்டுவீர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

8. பழைய ஆம்ப் வாங்குவதாக இருந்தால்

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டு வந்த ஆம்ப் என்றால் முதலில் பின்பக்கத்தில் வோல்டேஜைப் படியுங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் ஃபியூஸ் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். 230-ஐ 120 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப் எடுக்கும் மின்சாரத்தை விடத் தாராளமான அளவில். பிளக் மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

எல்லா நாபையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். "கரகர" என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்யலாம். எதையும் தொடாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள். சூடான பிறகு சத்தம் குறைந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ வேண்டாம். பின்பக்கம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் பக்கத்தில் எறும்பும் பல்லியும் சூடான பெட்டிக்குள் குடியேறிவிடும், சர்க்யூட் போர்டில் அதன் அடையாளம் தெரியும்.

ட்யூப் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனியாக வாங்கினால், ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நொடி கூட வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அது விலை கூடிய பாகம். 4, 8, 16 ஓம் எண்கள் ஹெட்டிலும் கேபினட்டிலும் (ஸ்பீக்கர் பெட்டி) பொருந்த வேண்டும். நடுவில் போடுவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் கிட்டார் கேபிளின் உள்கம்பி மெலிது, சூடாகிவிடும்.

9. கரண்டைச் சரிபாருங்கள்

ஆம்ப் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நீங்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டு வாசிக்கிறீர்கள், அந்தக் கம்பி ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் ஷாக் உங்களுக்குத்தான்.

மல்டிமீட்டரில் பார்த்தால் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஹம் குறைகிறது என்று யாராவது எர்த் பின்னை எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மேடையில் இன்னும் கவனம். ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும் இருந்து, எர்த் சரியாக இல்லாவிட்டால், கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். வாசித்துக்கொண்டே பாடுகிறவர்கள், பாட ஆரம்பிக்கும் முன் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வைத்து, ஏசி வோல்டேஜ் பாருங்கள். ஏதாவது காட்டினால் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் சொல்லி, இரண்டையும் ஒரே எர்த் உள்ள லைனுக்கு மாற்றிய பிறகு பாடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இன்வெர்ட்டரில் வாசிக்க வேண்டி வந்தால், சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் தேனீக் கூடு போல இரையும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதியில் ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்டெபிலைசர் போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலில் தகர ஷெட்டிலோ மொட்டை மாடி அறையிலோ வாசிப்பவர்கள் ஆம்பின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அடியாவது இடம் விடுங்கள். சூடு வெளியே போக வேண்டும்.

10. முதல் செட்டிங்

பங்குக்கு: கெயின் 4 அல்லது 5, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6. ரிவர்ப் வேண்டாம்.

மெட்டலுக்கு: கெயின் 6, பேஸ் 4, மிட் 5, ட்ரெபிள் 6. மிட்டைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அறையில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாதமாகவே கேட்கும். பேண்டில் சேர்ந்தவுடன் அடியில் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கும், மேலே சிம்பல் இருக்கும். கிட்டாருக்கு மிச்சம் இருக்கும் இடம் மிட் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் நீங்கள் வாசிப்பது டிரம்மருக்குக் கூடக் கேட்காது.

அடிப்பகுதி இன்னும் இறுக வேண்டும் என்றால் ஐபனெஸ் டிஎஸ்9 வகை ஓவர்டிரைவ் பெடலை ஆம்பின் டிஸ்டார்ஷன் சேனலுக்கு முன்னால் வையுங்கள். டிரைவ் பூஜ்ஜியம், லெவல் முழுசு, டோன் நடுவில். அந்தப் பெடல் ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்து அனுப்புகிறது. அடிக் கம்பியின் கனம் கெயினுக்குள் போய்க் கூழாவதற்கு முன்பே வடிகட்டப்படுகிறது. மெட்டல் கிட்டாரிஸ்ட்டுகள் பல வருடங்களாகச் செய்வது இது. பல மாடலிங் ஆம்ப்களில் இதே வகைப் பெடல் உள்ளேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டாம்.

வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டைக் கடைசியாகப் போடுங்கள். முதலிலேயே போட்டால் தேவைக்கு மேல் கெயின் வைத்திருப்பது தெரியாமல் மறைந்துவிடும். நீட்டி விட்ட கார்டு பாதியில் அறுந்தால் கேட் அதிகம்.

ஆம்பை அறை மூலையில் வைக்காதீர்கள். இரண்டு சுவரும் சேர்ந்து பேஸைப் பெருக்கிக் காட்டும். ஒரு ஸ்டூலில் ஏற்றி, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

11. பேண்டோடு முதல் நாள்

வீட்டில் சேமித்த செட்டிங்கை அப்படியே கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும், அதனால் வீட்டில் அவற்றைக் கூட்டி வைத்திருப்பீர்கள். சத்தமாக்கியவுடன் அவை அளவுக்கு மீறி வெளியே வரும். டிரம்ஸ் வாசிக்கும்போதே பேஸை ஒரு கோடு, கெயினை ஒரு கோடு குறையுங்கள், மிட்டை ஒரு கோடு ஏற்றுங்கள்.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே செட்டிங் வைக்காதீர்கள். ஒருவர் மிட்டை முன்னால் வைத்து கெயினைக் குறைக்கட்டும், மற்றவர் அடிப்பகுதியைக் கொஞ்சம் கனமாக வைக்கட்டும். ஆம்ப்களை டிரம்ஸின் இரண்டு பக்கமும் பிரித்து வையுங்கள். போனை அறையின் எதிர் மூலையில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ரிஃப் புரியவில்லை என்றால் முதலில் கெயினைக் குறையுங்கள். அதன் பிறகும் புரியவில்லை என்றால் வால்யூமைத் தொடுங்கள்.